கோழி தின்னாத காட்டுப்பூனையைப் பார்த்துவிட்டு வந்தேன்

எங்கள் ஏரிக்கோடியில் கம்பிச் சுருக்கில் சிக்கிய ஒரு காட்டுப்பூனையைக் கோழித் திருடன் என்று எழுதிக் கூண்டில் போட்டுவிட்டார்கள். கால் புண் ஆறிப் பத்து மாதம் ஆகிறது. இன்னும் வெளியே விடவில்லை. அந்தப் பூனை எங்கள் ஊரில் ஒரு கோழியைக்கூடத் தொட்டதில்லை. நடந்த அநியாயம் இதுதான்.

நான் பயணக் குறிப்பு எழுதும் இந்தப் பக்கத்துக்குப் பெரும்பாலும் பஸ் நேரமும் கட்டணமும் தெரிந்துகொள்ள வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அவற்றையும் எழுதுகிறேன். அந்தப் பூனையை வைத்திருக்கும் மிருகக்காட்சி சாலை எந்த ஊரில் என்று மட்டும் எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்யும் ஒருவர் என்னிடம் மனம்விட்டுப் பேசினார், அவருக்கு என்னால் வம்பு வரக்கூடாது. நகரி பஸ் நிலையத்தில் நின்று "ஜூ இருக்கற ஊரு" என்று கேளுங்கள், பஸ்ஸைக் கைகாட்டிவிடுவார்கள்.

என் ஊர் கே.ஜி.கண்டிகைக்கு வடக்கே. எங்கள் ஏரி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடும் கோடி ஆந்திராவில் இருக்கிறது. எல்லைக் கல் நட்டவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. போன வருடம் தை மாதம் வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டப் போனபோது கோடிக்குப் பக்கத்துக் கோரையில் உறுமல் கேட்டது. யாரோ முயலுக்கு வைத்த சுருக்கில் அந்தப் பூனையின் பின்னங்கால் மாட்டியிருந்தது. காது நுனியில் கருப்பு மயிர், காலில் மங்கலான வரி. எனக்கு அதை ஆறேழு வருடமாகத் தெரியும். அது இருந்தவரை என் கடலையில் எலி வளை கிடையாது. நான் எலிப் பாஷாணம் வாங்கியதும் கிடையாது.

சாக்கைப் போர்த்திக் கம்பியை அறுத்தேன். கையில் இரண்டு கீறல், அதற்கு ஐந்து ஊசி. இந்தப் பக்கத்துக் காட்டிலாகாவுக்குப் போன் போட்டால் "அது ஆந்திரா லிமிட்" என்றார்கள். அந்தப் பக்கத்து ஆள் வந்து சேர ஐந்து மணி நேரம் ஆயிற்று. மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோவதாகக் கூண்டில் ஏற்றிக்கொண்டு, "கால் ஆறினதும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுவோம், அதுதான் எங்கள் முறை" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினான்கு மாதம் பொறுத்தேன். அவர் போன் அடங்கிவிட்டது. போன பங்குனியில் ஒரு புதன்கிழமை நானே கிளம்பினேன்.

காலை 5:40க்கு வீட்டை விட்டு இறங்கும்போதே மனைவி ஆரம்பித்தாள். "சம்பந்தி வூட்டுக்குக் கூப்டா முட்டி நோவுதுன்றீங்க. ஒரு பூனைய பாக்க மட்டும் முட்டி நல்லா வேலை செய்யுதா?"

"சம்பந்தி கூண்டுலயா கீறாரு?" என்றேன். அதற்குப் பிறகு சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுக்கவில்லை, தொப்பென்று மேசைமேல் வைத்தாள். எடுத்துக்கொண்டு போனேன்.

கே.ஜி.கண்டிகையில் இருந்து திருத்தணிக்கு ஷேர் ஆட்டோ, 25 ரூபாய். 6:25க்கு பஸ் நிலையம். 6:40க்குத் திருப்பதி பஸ், நகரிக்கு 30 ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். உட்கார இடம் கிடைத்தது. கிருத்திகை நாளில் மட்டும் திருத்தணியில் பஸ் ஏறக் கிளம்பாதீர்கள், காவடிக் கூட்டத்தில் படிக்கட்டே கண்ணுக்குத் தெரியாது. நகரியில் இட்லி நன்றாக இருந்தது. சட்னியைப் பற்றி எழுத விரும்பவில்லை. 7:50க்கு அடுத்த பஸ் ஏறி 9:35க்கு இறங்கினேன். கட்டணம் 85 ரூபாய். திருத்தணியில் இருந்து மொத்தம் எண்பத்தாறு கிலோமீட்டர். வழியில் மாந்தோப்பும் கல்குவாரியும் மாறி மாறி வரும். ஜன்னல் ஓரம் கிடைத்தால் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள், குவாரித் தூசி.

இன்னொன்று. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். தெலுங்கு எழுத்தை பஸ் பலகைகளைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். இருபத்திரண்டு வயதில் தப்பான பஸ் ஏறிப் புத்தூரில் போய் இறங்கிய கோபத்தில் கற்றது. அன்றிலிருந்து யார் என்ன எழுதி நீட்டினாலும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது கீழே வரும்.

பஸ் நிலையத்தில் இருந்து மிருகக்காட்சி சாலை நான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஜாபர் பாய்க்குச் சொந்த ஊர் அரக்கோணம். தமிழ்க் குரல் கேட்டதும் எண்பது ரூபாயில் இருந்து அறுபதுக்கு இறங்கினார்.

"ஒண்டியாவா ஜூவுக்குப் போறீங்க பெரியவரே? பேரப் புள்ளைங்க எங்க?"

"அதுங்களத்தான் தெனமும் பாக்கறனே. நான் ஒரு பூனைய பாக்கப் போறேன்."

"சிறுத்தையே கீது அங்க. பூனைய பாக்க ஆட்டோ புடிச்சி, டிக்கெட்டு எடுத்து... எங்க வூட்டாண்ட வாங்க, நாலு கீது. டீயோட சேத்து ஓசில காட்டறேன்."

"உங்க பூனை வூட்டுப் பூனை. இது எங்க ஊரு ஆளு."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். அதற்குப் பிறகு இந்தி, சினிமா, வெயில் என்று எல்லாவற்றையும் பேசினார். பூனையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 40 ரூபாய். மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்று கேட்டேன். உண்டாம், ஆதார் அட்டை வேண்டுமாம். அட்டை வீட்டில். என் தலை முடியைக் காட்டினேன், ஏற்கவில்லை. உள்ளே சுற்றிவர ஒன்றரை கிலோமீட்டர். பாட்டரி வண்டி 30 ரூபாய். மான் வேலிக்குப் பக்கம் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, நல்ல தண்ணீர்.

சின்ன இடம்தான். மான், மயில், முதலை, ஒரு கிழச் சிறுத்தை, கரடி இரண்டு. பின்பக்கம் மீட்பு மையம் என்று தனியாக ஒரு கட்டடம். அங்கே நடக்கும் வேலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கடத்தல்காரர்களிடம் பிடித்த நட்சத்திர ஆமைகள் நூற்றுக்கும் மேல் தொட்டிகளில் இருந்தன. ஒவ்வொன்றின் ஓட்டிலும் எண். வாரம் ஒரு தரம் எடை போடுகிறார்கள், நோய் இருந்தால் பிரித்து வைக்கிறார்கள், தேறியதை மலைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். பட்டக் கயிற்றில் இறக்கை கிழிந்த ஒரு கூகைக்கு டாக்டர் தினமும் பறக்கப் பழக்குகிறாராம், அதற்கென்று நீளமாக வலை கட்டியிருந்தார்கள். ஆமையின் எடையைக் கிராம் கணக்கில் எழுதுகிறவர்கள், என் பூனையைப் பற்றி எழுதும்போது ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

பூனையின் கூண்டு அந்தக் கட்டடத்தின் கடைசியில். பார்வையாளர்கள் கம்பிக்கு வெளியே ஆறடி தள்ளி நிற்க வேண்டும். உள்ளே ஒரு மரக்கட்டையும் கொஞ்சம் புல்லும் இருந்தன. மூலையில் சுருண்டு படுத்திருந்தது. பின்னங்காலில் மயிர் முளைக்காத வளையம் ஒன்று. உடம்பு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. வேலியோரம் ஒரு தடவை பார்த்தாலே எகிறி ஓடுகிற ஜன்மம், நான் செருமியபோது தலையைக்கூடத் தூக்கவில்லை.

பலகையில் தெலுங்கில் எழுதியிருந்தது. ஆண், வயது சுமார் எட்டு. அதற்குக் கீழே, கிராமத்துக் கோழிகளைப் பிடித்துவந்த விலங்கு, ஊர் மக்கள் பிடித்து ஒப்படைத்தது, மக்கள் குடியிருப்புக்கு அருகில் விடத் தகுந்ததல்ல.

இரண்டு தரம் படித்தேன். என் தெலுங்கு மேல் சந்தேகம் வந்து மூன்றாம் தரமும் படித்தேன். போனில் அந்தப் பலகையைப் படம் எடுத்தேன். கோபத்தில் அங்கேயே நின்று எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன். "பார்த்தீர்களா அநியாயத்தை" என்று மட்டும் எழுதினேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று வீடு திரும்பியபோதுதான் தெரிந்தது.

அப்போது வாளியோடு ஒருவர் வந்தார். பராமரிப்பாளர், பெயர் முனிரத்தினம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நகரிப் பக்கத்து ஆள். கம்பியைத் தட்டி, "தொங்கா! ஏய் தொங்கா! ரா, ரா!" என்றார். தொங்கா என்றால் தெலுங்கில் திருடன். மூலையில் சுருண்டிருந்தது எழுந்து, ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு, கம்பிக்குப் பக்கம் வந்து உட்கார்ந்தது. அவர் வாளியில் இருந்து கோழிக் கழுத்து இரண்டை எடுத்து உள்ளே போட்டார்.

"அதுக்கா கோழி போடறீங்க?" என்றேன்.

தமிழ் கேட்டதும் திரும்பினார். "ஆங், வேற இன்னா போடறது நைனா? வந்தப்ப பத்து நாளு தொடவே இல்ல. மோந்து மோந்து பாத்துட்டு அப்டியே போயி படுத்துக்கும். பட்டினி கெடந்து அப்பறந்தான் கத்துகிச்சு. இப்ப பாருங்க, வாளி சத்தம் கேட்டா போதும்."

"கோழித் திருடன்னு எழுதி வெச்சிருக்கீங்க. கோழி தின்னத் தெரியாத திருடனா?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அத்த நானும் நெனச்சேன் நைனா. ஆனா பேப்பர்ல அப்டித்தான் வந்துச்சு. கோடி தொங்க, கோடி தொங்கன்னு எல்லாரும் கூப்ட்டுகினு இருந்தாங்க, நானும் கூப்ட ஆரம்பிச்சிட்டேன்."

கோடி. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் ஏரியின் கோடியைக் கோடி என்றுதான் சொல்வார்கள். தெலுங்கில் கோடி என்றால் கோழி. வாயில் இரண்டுக்கும் ஒரே ஓசை. எல்லையில் பிறந்தவனுக்கு இது தெரியும், பேச்சில் எது ஏரி, எது குழம்பு என்று புரிந்துவிடும். அன்று வந்த காட்டிலாகா ஆள் கடலோர ஜில்லாக்காரர், எங்கள் பக்கம் வந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. எங்கே பிடித்தது என்று கேட்டார். நான் என் தெலுங்கைக் காட்டும் ஆசையில், "கோடி தக்கர பட்டினதி" என்றேன். கோடிக்குப் பக்கத்தில் பிடித்தது என்பது நான் சொன்னது. கோழிக்குப் பக்கத்தில் பிடித்தது என்பது அவர் கேட்டது.

முனிரத்தினத்திடம் சொன்னபோது முதலில் சிரித்துவிட்டார். பிறகு வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "அய்யோ நைனா," என்றார். அவரே என்னை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே பொறுப்பில் இருந்தது முப்பது வயதுக்குள் ஒரு பெண் அதிகாரி. சென்னையில் படித்தவராம், தமிழ் பேசினார். மரியாதையாக உட்காரச் சொன்னார். பூனையின் கோப்பை எடுத்துப் புரட்டினார். முதல் தாளில் என் வாக்குமூலம். தெலுங்கில், காட்டிலாகா ஆளின் கையெழுத்தில், "கோடி வத்த பட்டுபடினதி" என்று இருந்தது. கோழியிடம் பிடிபட்டது. அதற்கு நேர் கீழே தமிழில் என் கையெழுத்து.

"இது நீங்க போட்ட சைன்தானே சார்?"

"ஆமாம்."

"படிச்சிப் பாக்காமயா போட்டீங்க?"

படித்துக் காட்டட்டுமா என்று அந்தக் காட்டிலாகா ஆள் அன்று கேட்டார். எனக்கே தெலுங்கு தெரியும், நீங்கள் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடி இல்லாத கண்ணால் கையெழுத்துப் போட்டேன். மோட்டாரில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு அவசரம். இதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னேன்.

"எங்க ஏரிக்கோடியில இருந்து ஒரு கிலோமீட்டர் சுத்துல ஒரு கோழி கெடையாதும்மா. வந்து பாருங்க. ஒரு வார்த்தை தப்பு. அடிச்சிட்டு எழுதுங்க, பூனைய எங்கூட அனுப்புங்க."

"அப்படி அனுப்ப முடியாது சார். நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா இப்ப அது நிஜமாவே கோழி தின்னுது. கூப்ட்டா வருது. இப்படியே விட்டா நேரா யார் வீட்டுக் கோழிக் கூண்டுக்காவதுதான் போகும். அடிச்சிடுவாங்க."

"கோழி போட்டது யாரு?"

அவர் கோப்பை மூடினார். பின்னால் ஒரு பெரிய அடைப்பு இருக்கிறது, மனித வாடை படாமல் நான்கைந்து மாதம் எலி பிடிக்க விட்டுப் பார்க்கலாம், வயது ஆகிவிட்டதால் தேறும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் தாளில் கோழித் திருடன் என்று இருக்கும்வரை அந்த அடைப்புக்கு அனுமதி வராது என்றார். வாக்குமூலத்தைத் திருத்த அன்று எழுதிய ஆளும் நானும் சேர்ந்து எழுதித் தர வேண்டும். அதோடு, திரும்ப விடுவதில் ஆட்சேபணை இல்லை என்று எங்கள் ஊராரின் கடிதம் வேண்டும்.

"ஊர்க் கடுதாசி நாளைக்கே கொண்டாறேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது பகல் 1:15க்கு பஸ். வழியெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு கே.ஜி.கண்டிகை டீக்கடையில் இறங்கினேன். அங்கே என் மைத்துனன் தணிகாசலம் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தான், கையில் போன். போனில் நான் போட்ட படம். யாரோ தெலுங்கைத் தமிழாக்கிக் கீழே எழுதியிருந்தார்கள்.

"பாவா, உனக்குக் கோடி புண்ணியம். நல்ல வேள சொன்ன. அந்தத் திருட்டுப் பூனைய மட்டும் இங்க இட்டாந்துடாத. எங்கிட்ட இருபது நாட்டுக் கோழி கீது."

"டேய், அது கோழி தின்னலடா. கோடின்னு சொன்னத கோழின்னு எழுதிட்டான்."

"கவருமெண்டு பலகையில எழுதி வெச்சிருக்கான். அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"உன் வூட்டுல இதுவரிக்கும் ஒரு கோழி காணாமப் போயிருக்குதா?"

"போச்சே. போன ஆடியில ரெண்டு."

"போன ஆடியில அது கூண்டுலடா இருந்துச்சு!"

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தான். ஆனால் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. அன்று ஒருவரும் போடவில்லை. இருபது நாள் வீடு வீடாகப் போய் இதுவரை ஏழு கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதில் ஒன்று என் மனைவியுடையது. தொல்லை தாங்காமல் போட்டாள். என் கடலைக் கொல்லையில் இப்போது நாற்பத்தெட்டு எலி வளை, எண்ணிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். செவ்வாய் விடுமுறை. காலை 9 முதல் மாலை 5 வரை, டிக்கெட் 4 மணியோடு சரி. மூத்தவர்கள் ஆதார் எடுத்துப் போங்கள். காலை பத்துமணிக்குள் போனால் மிருகங்கள் விழித்திருக்கும். போக வர எனக்கு ஆன செலவு ஐந்நூறுக்குள். மீட்பு மையத்துக்கு எல்லோரையும் விடுவதில்லை, மரியாதையாகக் கேட்டால் விடுகிறார்கள். அந்தக் கூண்டுக்கு முன்னால் நின்று "தொங்கா" என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அது அதன் பெயரல்ல.

இனி நடக்க வேண்டியதை எழுதிவிடுகிறேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று பிறகு சொல்லக் கூடாது. அன்று வாக்குமூலம் எழுதிய காட்டிலாகாக்காரர் எந்த ஜில்லாவுக்கு மாற்றலாகிப் போயிருந்தாலும் ஒரு நாள் லீவு போட்டு வர வேண்டும். எங்கள் ஏரிக்கோடியில் நின்று, கோடி எது கோழி எது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் திருத்தி எழுத வேண்டும். வரப் பஸ் நேரம் மேலே இருக்கிறது. எல்லைப் பக்கம் ஆள் போடுகிற அதிகாரிகள், இரண்டு பேச்சும் தெரிந்த ஒருவரையாவது கூட அனுப்ப வேண்டும். மிருகக்காட்சி சாலை அம்மா பலகையை இன்றே கழற்ற வேண்டும், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் போதும். தாள் திருந்தியதும் பூனையைப் பின் அடைப்புக்கு மாற்ற வேண்டும். முனிரத்தினம் கோழிக் கழுத்தை நிறுத்தி எலிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் என்னிடம் கேட்கட்டும், நாற்பத்தெட்டு வளை இருக்கிறது. தணிகாசலம் அந்த இரண்டு கோழியை ஆடியில் யார் குழம்பு வைத்தார்கள் என்று யோசித்துப் பார்த்துவிட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற ஊராரும் போட வேண்டும். சுருக்கு வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியும். அவன் இதைப் படிக்கிறான். கம்பியைத் தானே போய் எடுத்துவிட வேண்டும்.

நான், மாதத்தில் முதல் புதன்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு. வாக்குமூலத்தைத் திருத்தும்போது என் கையெழுத்தை அடிக்க வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது நான் போட்டதுதான். அதற்கு மேல் வரியில் இருக்கும் கோழியை அடித்தால் போதும்.